இரவலுக்கு இலக்கணம் வகுத்த கணித ஆசான்

கல்லூரியில் அடியெடுத்து வைக்கும் மாணவரின் கைக்கு முதலில் வந்து சேரும் பொருள்களுள் ஒன்று நூலகச் சீட்டு. எத்தனை நூல்கள் எடுக்கலாம், எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம், தவணை கடந்தால் எவ்வளவு தண்டம் செலுத்த வேண்டும் என்னும் விதிகளும் அதனுடன் வருகின்றன. அவ்விதிகளை நூலைக் காப்பதற்கென எழுப்பிய வேலியாகவே நம்மில் பலரும் எண்ணி வந்திருக்கிறோம். நூலைப் படிப்பவரிடம் கொண்டு சேர்க்கும் வழியாக அவை அமைய வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் வாதாடி, அதைச் செயலிலும் காட்டியவர் நூலக அறிவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி இரா. அரங்கநாதனார் ஆவார்.

1892ஆம் ஆண்டு சீர்காழியில் பிறந்த அவர், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். மங்களூரிலும் கோவையிலும் ஆசிரியப் பணி ஆற்றியபின் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தார். 1924ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். மாணவர் சூழ வாழ்ந்து பழகியவருக்கு ஆளரவமற்ற நூலகத்தின் தனிமை பொறுக்கவில்லை. சில நாட்களிலேயே பழைய பணிக்குத் திரும்பிவிட முயன்றார். இலண்டன் சென்று நூலகப் பயிற்சி பெற்று வந்த பின்னும் மனம் மாறாவிடில் கல்லூரிக்கே திரும்பலாம் என்ற உடன்பாட்டின் பேரில் அவர் கப்பல் ஏறினார். அந்தப் பயணம் ஒரு துறையின் வரலாற்றையே மாற்றியது.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பெர்விக் சேயர்சு என்னும் ஆசிரியரிடம் நூல் வகைப்படுத்தலைக் கற்றார். அந்நாட்டு நூலகங்கள் பலவற்றையும் நேரில் சென்று கண்டார். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நூல்களை அடுக்கோடு சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தனர். ஆக்சுபோர்டின் பாட்லி நூலகம், நூல் எதுவும் வெளியே செல்லலாகாது என்ற தன் விதியைக் காட்டி, 1645இல் மன்னர் முதலாம் சார்லசுக்கே இரவல் மறுத்தது. மன்னருக்கும் மாணவருக்கும் ஒரே விதி என்ற அந்த நேர்மையை நாம் மதிக்கத்தான் வேண்டும். ஆயினும் அரங்கநாதனார் சென்றிருந்த காலத்தில் அந்நாட்டில் வேறொரு காட்சியும் பெருகியிருந்தது. தொழிலாளரும் பெண்டிரும் சிறுவரும் பொதுநூலகத்துள் புகுந்து, வேண்டிய நூலைத் தாமே தேர்ந்து வீட்டுக்கு எடுத்துச் சென்றனர். எவருக்கும் மறுப்பது ஒரு சமநிலை என்றால், எல்லார்க்கும் வழங்குவது அதனினும் உயர்ந்த சமநிலை அன்றோ!

1925இல் தாயகம் திரும்பிய அவர், கணித வகுப்புக்குத் திரும்பும் எண்ணத்தைக் கைவிட்டார். படிப்பவர் நூலின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் பணியாளர் வரும்வரை காத்திருக்கும் முறையே நம் நாட்டில் பெரிதும் வழங்கிய காலம் அது. அவரோ தம் நூலகத்தில் திறந்த அடுக்கு முறையைக் கொணர்ந்தார். நூல்கள் களவு போகுமே என்ற அச்சம் எழாமல் இல்லை. சில நூல்கள் காணாமற் போவதால் நேரும் இழப்பைவிட, பல நூல்கள் படிக்கப்படாமல் கிடப்பதால் நேரும் இழப்பே பெரிது என்பது அவர் கொண்ட முடிபு.

1928இல் அவர் உள்ளத்தில் உருப்பெற்று 1931இல் நூலாக வெளிவந்த நூலக அறிவியலின் ஐந்து விதிகள் உலகெங்கும் பயிலப்படுகின்றன. நூல் பயன்பாட்டிற்கு உரியது என்பது முதல் விதியின் கருத்து. படிப்பவர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் கிட்ட வேண்டும் என்பது இரண்டாவது. நூல் ஒவ்வொன்றும் தனக்குரிய படிப்பவரை அடைய வேண்டும் என்பது மூன்றாவது. படிப்பவரின் காலத்தை வீணாக்கலாகாது என்பது நான்காவது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் போன்றது என்பது ஐந்தாவது.

இரவல் விதிகளை இவ்வைந்தோடும் ஒப்பிட்டுப் பார்த்தால் அவற்றின் உட்பொருள் விளங்கும். நூல் வீட்டுக்குச் செல்லலாம் என்பது முதல் விதியின் பயன். தவணைக்குள் திரும்ப வேண்டும் என்பது இரண்டாம் விதியின் கட்டளை. ஏனெனில் அடுத்த படிப்பவர் காத்திருக்கிறார். பதிவேட்டில் ஒவ்வொன்றாக எழுதிக் காலங்கடத்தாமல், நூலின் அட்டையை எடுப்பவரின் சீட்டுப் பையில் செருகித் தவணை நாள் வாரியாக அடுக்கிவைக்கும் முறை நான்காம் விதிக்கு ஏற்றது. எத்தனை சீட்டோ அத்தனை நூல். நூல் திரும்பினால் சீட்டும் திரும்பும். எவரும் எவரையும் ஐயுற வேண்டியதில்லை.

பல்கலைக்கழக வாயிலோடு அவர் நின்றுவிடவில்லை. 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றுவதற்கு உழைத்தார். நூலக இயக்கம் தமிழகத்தில் வேரூன்றத் தொடங்கிய 1931இல், மன்னார்குடியை அடுத்த மேலவாசலிலிருந்து மாட்டுவண்டி நூலகம் ஒன்று சிற்றூர்களுக்கு நூல்களை ஏற்றிச் சென்றது. அவர் இடையறாது வலியுறுத்தி வந்த பொதுநூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய முதற் சட்டம் அதுவே. சொத்து வரியோடு சேர்த்துத் திரட்டப்படும் நூலக வரியால் ஊர்தோறும் நூலகம் எழ வழி பிறந்தது. காசி, தில்லிப் பல்கலைக்கழகங்களிலும் பணியாற்றிய அவர், துணைவியார் சாரதா அம்மையாரின் பெயரும் விளங்க நூலகவியல் பேராசிரியர் பதவி ஒன்று அமையத் தம் சேமிப்பிலிருந்து ஓர் இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு வழங்கினார். 1972இல் பெங்களூரில் மறைந்தார்.

கலைத்துறைகளின் தொகுப்பில் இன்று நூல்களோடு ஒலிநாடாக்களும் குறுந்தகடுகளும் திரைப்படப் படிகளும் இடம்பெறுகின்றன. கிடைத்தற்கரிய ஒற்றைப் படியும் அகராதியும் அவ்விடத்திலேயே இருப்பது முறைதான். எல்லார்க்கும் எந்நேரமும் பயன்படவே அவை அங்கிருக்கின்றன. ஆனால் தேய்ந்துவிடுமோ என்றஞ்சி அலமாரியில் பூட்டிவைத்த நாடா, கேட்பாரற்றுப் பூசணம் பிடித்து அழிகிறது. தவணை கடந்தும் ஒருவர் வீட்டில் உறங்கும் நூலோ, தேர்வு நெருங்கும் வேளையில் வேறொரு மாணவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்புகிறது. பூட்டுபவரும் திருப்பித் தராதவரும் செய்வது ஒரே தவறு. இருவரும் நூலை அடுத்தவருக்கு மறுக்கின்றனர்.

ஆகவே வழங்கும் இடத்தில் இருக்கும் ஆசிரியப் பெருமக்கள் தயங்காது வழங்குவோமாக. பெறும் இடத்தில் இருக்கும் மாணவச் செல்வங்கள் குறித்த நாளில் திருப்புவோமாக. அரங்கநாதனார்க்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் அதுவே.