ஒரு கையெழுத்து ஐந்து ரூபாய்!

அனுப்பர்பாளையத்துப் பாத்திரக் கடைக்குப் பழைய பித்தளைக் குடத்தைக் கொண்டுபோனால், தராசில் வைத்து எடை பார்த்து விலை சொல்வார்கள். ஒரு துண்டுக் காகிதத்தை எந்தத் தராசில் வைப்பது? அதன் அடியில் மோ. க. காந்தி என்று கையெழுத்து இருந்தால், அதற்குத் தனி விலை! அந்த விலையை முதலில் வைத்தவர் காந்தியடிகளேதான்.

அவர் 1869-ல் போர்பந்தரில் பிறந்தார். 1893-ல் வக்கீல் தொழிலுக்காகத் தென்னாப்பிரிக்கா போனார். நிறத்தைக் காட்டி ரெயிலில் இருந்து இறக்கிவிட்டார்கள். அங்கே இந்தியர்களின் உரிமைக்காக ஏறத்தாழ 20 ஆண்டுகள் போராடினார். அவரோடு சிறை சென்றவர்களில் தமிழர்கள் ஏராளம். அந்தப் பழக்கத்தால் தமிழ் படித்தார். தமிழிலும் கையெழுத்துப் போடுவார்.

அவர் எழுதாத நாள் இல்லை. வலது கை ஓய்ந்தால் இடது கையால் எழுதுவார். 1909-ல் கப்பலில் ஒரு புத்தகத்தையே அப்படி இரண்டு கைகளாலும் எழுதி முடித்தார். வந்த கடிதத்தின் உறையைப் பிரித்து, அதன் வெள்ளைப் பக்கத்தில் எழுதும் சிக்கனக்காரர் அவர்.

இனாம் கிடையாது

1933 நவம்பரில், தீண்டாமையை ஒழிக்க நாடு முழுவதும் பயணம் புறப்பட்டார். 1934-ல் தமிழ்நாட்டுக்கு வந்தார். (கதருக்குப் பேர்போன திருப்பூருக்கு அவர் 1925-லேயே வந்தது உண்டு.) சுமார் 12,500 மைல் சுற்றினார். போன இடமெல்லாம் மாணவர்களும் பெரியவர்களும் நோட்டுப் புத்தகத்தை நீட்டினார்கள். கையெழுத்து வேண்டுமா? அரிசன நிதிக்கு 5 ரூபாய் எடு என்றார்! அன்று ஐந்து ரூபாய் சின்னப் பணம் அல்ல. ஆனாலும் கொடுத்தார்கள். பெண்கள் நகைகளைக் கழற்றித் தந்தார்கள். பயணம் முடிந்தபோது நிதி 8 லட்சம் ரூபாயைத் தொட்டது.

மலபாரில் உள்ள வடகரையில் கௌமுதி என்ற 16 வயதுப் பெண் மேடைக்கு வந்தாள். ஒரு வளையலைக் கழற்றினாள், கையெழுத்துக் கேட்டாள். காந்தி எழுதுவதற்குள் அடுத்த வளையலும் வந்தது. பிறகு கழுத்துச் சங்கிலி, காதுத் தோடு! பெற்றோர் சம்மதம் உண்டா என்று விசாரித்தார். மறுபடி நகை செய்து தரும்படி வீட்டில் கேட்கக் கூடாது என்றும் சொன்னார். கேட்கமாட்டேன் என்றாள் அவள். இந்தத் தியாகம்தான் உண்மையான நகை என்ற பொருள்பட எழுதிக் கையெழுத்திட்டார். அந்தப் பெண் பின்னாளில் இந்தி ஆசிரியை ஆனார். தங்கம் அணியவே இல்லை. 2020-ல் காலமானார்.

லண்டன் ஏலத்தில்

காந்தியடிகள் 1948 ஜனவரி 30-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு 19 நாள் முன்பு அவர் எழுதிய கையெழுத்துப் பிரதி ஒன்று 2007-ல் லண்டனில் ஏலத்துக்கு வந்தது. இந்திய அரசு தலையிட்டு, ஏலம் நடக்கும் முன்பே அதைப் பெற்றது. தென்னாப்பிரிக்காவில் அவருடைய நண்பராக இருந்த காலன்பாக்கிடம் சேர்ந்திருந்த கடிதக் கட்டுகளையும் 2012-ல் ஏலத்துக்கு முன்பே அரசு வாங்கியது. அதன் விலை லட்சக்கணக்கான பவுண்டு!

தாத்தா ஐந்து ரூபாய் கொடுத்து வாங்கிய அப்படி ஒரு நோட்டு, உங்கள் வீட்டு அட்டாலியிலும் கிடக்கலாம். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 75 ஆண்டு கடந்த வரலாற்றுக் கையெழுத்துப் பிரதி தொல்பொருள் ஆகும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது பழைய பேப்பர்காரருக்குப் போடும் முன்பு, ஒரு தடவை பிரித்துப் பாருங்கள்.