வால்மீன் கண்ட கரோலின் அம்மையார்

பிறந்த ஊரை விட்டு, மொழி அறியாத நாட்டில் குடியேறிப் பெயர் நிறுத்திய மாதரசிகளுள் ஒருவர் கரோலின் ஹெர்ஷல் அம்மையார். அயலூரில் வாழும் நம் குடும்பத்தார்க்கு அவர் வரலாறு உவப்பளிக்கும் என்றெண்ணி இங்கே சுருங்கக் கூறுவோம்.

ஜெர்மானிய நாட்டு ஹானோவர் நகரில் 1750ஆம் ஆண்டு மார்ச்சு 16ஆம் நாள் அம்மையார் பிறந்தார். தந்தையார் படையில் வாத்தியம் வாசித்தவர். பத்து வயதில் கண்ட விஷக்காய்ச்சலால் உடல் வளர்ச்சி தடைப்பட்டு, நாலேகால் அடியோடு நின்றுவிட்டது. தாயாரோ மகளை அடுக்களை வேலைக்கே உரியவளாக எண்ணினார். 1772இல் தமையனார் வில்லியம், தங்கைக்கு ஈடாக வேலைக்காரி அமர்த்திக்கொள்ளத் தாயாருக்குப் பொருளுதவி செய்து, அவரை இங்கிலாந்தின் பாத் நகருக்கு அழைத்துச் சென்றார். அம்மையாரின் உழைப்புக்கு முதலில் விலை குறிக்கப்பட்டது இவ்வாறுதான். அப்பொருளும் அவர் கைக்கு வரவில்லை!

பாத் நகரில் இசை பயின்று அரங்குகளில் பாடினார். தமையனார்க்கு வானூலில் வேட்கை மிகவே, தங்கையின் பாட்டும் நின்றது. தொலைநோக்கியின் ஆடியைத் தேய்ப்பவர் கையெடுக்க இயலாதபோது அம்மையாரே உணவை ஊட்டினாராம். 1781இல் வில்லியம் யுரேனஸ் கோளைக் கண்டார். அரசர் மானியம் அளித்தார். 1783ஆம் ஆண்டின் கடைசி இரவில், பனியில் ஓடிய அம்மையாரின் தொடையில் தொலைநோக்கியின் இரும்புக் கொக்கி ஆழப் பாய்ந்தது. அவ்விரவு பின்னர் மேகம் மூடியதால் தமையனாரின் பணிக்கு இழப்பில்லை என்று அவர் ஆறுதல் கொண்டாராம். இந்த ஆறுதலை மெச்சுவதா, இரங்குவதா என்று நாம் அறியோம்.

1786 ஆகஸ்டு 1ஆம் நாள், தமையனார் ஜெர்மனி சென்றிருந்தபோது, தாமே ஒரு வால்மீனைக் கண்டார். மறுநாள் இரவு அது இடம் பெயர்ந்திருக்கக் கண்டு உறுதி செய்தபின் அறிஞர்க்கு எழுதினார். அடுத்த ஆண்டு அரசர் அவருக்கு ஆண்டுக்கு 50 பவுன் சம்பளம் விதித்தார். தம் விருப்பம்போல் செலவிடலாம் என அவர் கருதிய முதற் பணம் அதுவே. அப்போது வயது முப்பத்தேழு. 1797க்குள் எட்டு வால்மீன்களைக் கண்டார்.

1822இல் தமையனார் மறையவே, ஹானோவர் திரும்பி, தமையன் மகன் ஜானுக்காக ஏறத்தாழ 2,500 நெபுலாக்களை வரிசைப்படுத்தித் தந்தார். அதற்காக 1828இல் லண்டன் வானூற்கழகம் பொற்பதக்கம் வழங்கியது. அப்பதக்கத்தை அடுத்தொரு பெண்மணி பெற்றது 1996இல்தான்.

1848 ஜனவரி 9ஆம் நாள், தொண்ணூற்றேழாம் வயதில் அம்மையார் மறைந்தார். தமையனாரின் தலைமயிர்ச் சுருள் ஒன்றும், தந்தையார் பயன்படுத்திய பழைய பஞ்சாங்கமும் அவருடன் வைக்கப்பட்டன.