மைந்தன் பெயர் தாங்கிய ஆலை

இறத்தோட்டை மலைப்பாதையில் மூச்சிரைக்க ஏறும் பஸ் வண்டிகளின் முகப்பில் அசோக் லேலண்ட் என்னும் பெயரை மாத்தளை மாணாக்கர் கண்டிருப்பர். அசோக் என்றதும் மௌரியப் பேரரசனை நினைத்தல் இயல்பே. ஆயின், அது தந்தை ஒருவர் தம் மைந்தனின் பெயரால் ஆலைக்கு இட்ட பெயர். அத்தந்தையே இரகுநந்தன் சரண்.

பஞ்சாபைச் சேர்ந்த இவர் இந்திய விடுதலைப் போரில் ஈடுபட்டவர். விடுதலைக்குப் பின், நாட்டுக்குப் புதுத்தொழில் வேண்டுமென்று நேரு இவரை ஊக்கினார். அதன் பயனாய் 1948 ஆம் ஆண்டு அசோக் மோட்டார்ஸ் தோன்றிற்று. சென்னைக்கு வடக்கே எண்ணூரில் ஆலை எழுந்தது. இங்கிலாந்தின் ஆஸ்டின் கார்களை உறுப்புப் பொருத்தி ஆக்குவதே அதன் முதற்பணி.

கார் செல்வர் சிலர்க்கே உதவும்; பஸ்ஸும் லொறியும் ஊரனைத்துக்கும் உதவும். இதனையுணர்ந்த சரண், டீசல் வண்டிகளுக்குப் பெயர்பெற்ற லேலண்ட் நிறுவனத்தாருடன் பேசலானார். அம்முயற்சி முற்றுங் கனியுமுன் வானூர்தி விபத்தில் மாண்டார்.

ஆயினும் ஆலை மாளவில்லை. 1954 இல் லேலண்ட் வண்டிகளைப் படிப்படியாக உள்நாட்டிலேயே ஆக்க அரசு இசைந்தது. மறுஆண்டு அசோக் லேலண்ட் என்னும் பெயர் நிலைத்தது. பொருத்தும் ஆலை, இயந்திரத்தையே ஆக்கும் ஆலையாக வளர்ந்தது. 1982 இல் இலங்கை அரசுடன் கூடி இங்கும் ஒரு நிறுவனம் கண்டது.

வண்டியின் நெற்றியில் மைந்தன் பெயர் உளது. தந்தை பெயர் இல்லை. ஏறியமர்வோர் எழுதப்படாத அப்பெயரையும் ஒருகால் நினைத்தல் நன்றியாகும்.