புள்ளிவிபரப் பேரறிஞர் மகலனோபிஸ்

பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் பயிலும் எம் பழைய மாணவர் ஒருவர் சென்ற விடுமுறையில் எம்மைக் காண வந்திருந்தார். கொட்பே மீன்பிடித் துறைமுகத்திற் காலைதோறும் நின்று, கரையேறிய சூரை மீன்களின் நீளம், சுற்றளவு, நிறை ஆகியவற்றை அளந்தெழுதிய ஏடொன்று அவர் கையில் இருந்தது. அவ்வெண்களை மடிக்கணினியில் ‘ஆர்’ என்னும் மென்பொருளுள் இட்டு, ஒரு சொல்லைத் தட்டினார். இமைப்பொழுதில் விடை வந்தது. தட்டிய அச்சொல் ஆங்கிலக் கலைச்சொல் அன்று. வங்காளக் குடும்பமொன்றின் பெயர். அப்பெயருக்குரியார் யாரென வினவினோம். அவர் அறியார். தமிழாசிரியராகிய நாமும் அன்று அறிந்திலேம். பின்னர்த் தேடிக் கற்றதையே இம்மலரில் எழுதுகின்றோம்.

‘ஆர்’ என்பது கணக்கிடுதல், தரவுகளைப் பகுத்தாய்தல், வரைபடம் வரைதல் ஆகிய யாவற்றையும் ஒரே களத்திற் செய்தற்கு உதவும் ஏற்பாடு. நியூசிலாந்தின் ஓக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் றொஸ் இஹாக்கா, றொபேட் ஜென்டில்மன் என்னும் ஆசிரியர் இருவர் 1990களின் தொடக்கத்தில் இதனை ஆக்கினர். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1976இல் தோன்றிய ‘எஸ்’ என்னும் கணினிமொழியின் வழிவந்தது இது. 1995 முதல் எவரும் விலையின்றிப் பெறலாம். பிரித்துப் பார்த்துத் திருத்தவும் செய்யலாம். இதனுள் மகலனோபிஸ் என்னும் பெயர் தாங்கிய கருவியொன்று தொன்றுதொட்டு வரும் உறுப்புகளுடன் அமைந்துள்ளது.

பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1893ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் கல்கத்தாவிற் பிரம்ம சமாசக் குடும்பமொன்றிற் பிறந்தார். பிரெசிடென்சிக் கல்லூரியிற் பௌதிகம் பயின்று 1912இற் சிறப்புப் பட்டம் பெற்றார். அங்கு ஜகதீச சந்திர போசு அவருக்கு ஆசிரியர். மறுவருடம் இலண்டனிற் கற்கும் எண்ணத்தோடு கப்பலேறினார். கேம்பிரிட்ஜ் நகரைப் பார்க்கச் சென்றவர் புகைவண்டியைத் தவறவிட்டு ஓரிரவு அங்கே தங்க நேர்ந்தது. கிங்ஸ் கல்லூரியின் தேவாலய அழகு அவர் உள்ளத்தைக் கவர, அக்கல்லூரியிலேயே மாணவராய்ச் சேர்ந்தார்.

அங்கேதான் கணித மேதை இராமானுசரின் நட்பும் வாய்த்தது. குளிரால் வருந்திய இராமானுசர், மெத்தையின் ஓரங்களிற் செருகி விரிக்கப்பட்டிருந்த கம்பளிகளுக்குட் புகுந்துறங்க வேண்டுமென்பதை அறியாது, அவற்றின்மேலேயே மேலங்கியுடன் படுத்து வந்தார். அதனைக் கண்டு வழிகாட்டியவர் மகலனோபிசே. எண்களின் ஆழங்கண்ட ஒருவருக்குப் போர்வையின் வழக்கம் புலப்படாதிருந்தது!

பட்டம் பெற்றுத் தாயகம் திரும்புங்கால், உலகப் போரினாற் கப்பற் பயணம் தாமதமாயிற்று. அவ்விடைவேளையில் ஆசிரியர் ஒருவர் ‘பயோமெட்றிக்கா’ என்னும் ஏட்டினைக் காட்டினார். உயிர்களை அளந்து எண்களால் ஆராயும் அவ்வேட்டின் தொகுதிகள் முழுவதையும் விலைக்கு வாங்கிக் கப்பலிலேயே கற்கத் தொடங்கினார். பௌதிக ஆசிரியராய்ப் பிரெசிடென்சியிற் பணியேற்ற பின்னும் அப்பற்று நீங்கவில்லை.

1926இல் ஒரிசாவிற் பெருவெள்ளம் வந்தது. ஆற்றின் படுகை மேடுற்றமையே காரணமென்றும், கரைகளை உயர்த்தல் வேண்டுமென்றும் பொறியியலாளர் கருதினர். மகலனோபிஸ் ஏறத்தாழ அறுபதாண்டுக் கணக்குகளை ஆராய்ந்து, படுகை உயரவில்லை, மேற்றலையிற் பெய்த மிகுமழையே காரணம் என நிறுவினார். கரையை உயர்த்துவதைவிட மேலே நீரைத் தேக்குவதே தக்கதென்றார். அவ்வெண்ணத்தின் வழியில் மகாநதியின் குறுக்கே ஹிராகுட் அணை எழுந்து 1957இற் திறக்கப்பட்டது. 1964ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயலைக் கண்ட எம் திருக்கோணமலை முதியோருக்கு, இயற்கையின் சீற்றத்திற்குப் பிழையான காரணங் கண்டு பணத்தைக் கொட்டுவது எத்துணை கேடு என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனி, அவர் பெயர் தாங்கிய அளவைக்கு வருவோம். கல்கத்தாவில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியரின் உடலளவுகளை, விலங்கியலறிஞர் அனண்டேல் அவரிடம் ஒப்படைத்தார். ஒரு கூட்டம் மற்றொன்றிலிருந்து எவ்வளவு வேறுபட்டது என எண்ணாற் சொல்வது எங்ஙனம் என்பதே வினா. சூரை மீனையே எடுத்துக்கொள்வோம். நீண்ட மீன் நிறை மிக்கதாயிருத்தல் வியப்பன்று; ஏனெனில் நீளமும் நிறையும் கூடவே வளர்வன. நீண்டும் நிறை குறைந்திருப்பின் அதுவே வியப்பு. இரண்டளவுகளையும் தனித்தனியே கூட்டிப் பார்ப்பவனுக்கு இவ்வேறுபாடு தோன்றாது. அளவுகள் ஒன்றோடொன்று இணைந்து செல்லும் இயல்பையும், ஒவ்வொன்றும் எத்துணை பரந்து மாறுகின்றது என்பதையும் கணக்கிற் சேர்த்துத் தூரத்தைக் காண்பது மகலனோபிசின் முறை. இதனை அவர் 1936இற் கட்டுரையாக வெளியிட்டார். அந்நாளில் இத்தகைய கணக்குகளைச் செய்தற்குக் கைசுழற்றும் இயந்திரங்களும், அவற்றின் முன்னிருந்த மனிதருமே துணை.

1931 டிசம்பரில் அவர் தொடங்கிய இந்தியப் புள்ளிவிபர நிறுவனம் கல்லூரியின் ஓர் அறையில் வாழ்ந்தது. முதலாண்டுச் செலவு ரூபா 250க்கும் குறைவு. ஆயினும் வங்காளத்தின் சணற் பயிரை மதிப்பிட முன்வந்தது. நாடு முழுவதையும் வயல் வயலாக எண்ணாது, குருட்டுத் தெரிவினாற் சில வயல்களை மட்டும் அளப்பது அவர் முறை. முழுக் கணக்கெடுப்பும் நடைபெற்றது. சணல் வாணிபக் கணக்கோடு ஒப்பிட்டபோது, மாதிரி மதிப்பீடு அதனை மிக அணுகி நின்றது. முழுக் கணக்கோ வெகுவாகக் குறைந்து நின்றது. செலவும் மாதிரி முறைக்குப் பத்திலொரு பங்களவே. பல்லாயிரம் பேர் விரைந்தெழுதிய ஏட்டைவிடச் சிலர் செவ்வையாய் அளந்தது மெய்க்கு நெருங்கியதாயிற்று. ஒரே பகுதியை ஒருவரையொருவர் சாராத இரு குழுக்கள் தனித்தனியே அளந்து, முடிவுகளை ஒப்பிட்டுப் பிழை காணும் வழியையும் அவரே வகுத்தார். 1943இன் வங்காளப் பஞ்சத்தின் பின்விளைவுகளையும் இவ்வாறே ஆராய்ந்தனர். பசியைக்கூட எண்ண வேண்டியிருந்த காலம் அது.

1945இல் அவர் இலண்டன் றோயல் சங்கத்தின் உறுப்பினரானார். 1950இல் இந்தியாவின் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியதும், 1956இல் அந்நாட்டின் முதல் இலக்கமுறைக் கணினி கல்கத்தாவில் அவர் நிறுவனத்தில் இயங்கத் தொடங்கியதும் அவர் முயற்சியாலேயே. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தை வகுத்ததிற் கனரகத் தொழிலுக்கே முதன்மை தந்து வேளாண்மையைப் பின்தள்ளினார் எனக் குறைகூறுவோருளர். அக்குறை முற்றும் பொருந்தாததென நாம் சொல்லோம். தாகூரின் அணுக்க நண்பராய் விசுவபாரதியின் செயலாளராகப் பத்தாண்டு பணியாற்றியவர் அவர் என்பதையும் எம் மாணவர் அறிதல் நன்று.

1972 ஜூன் 28ஆம் நாள், பிறந்தநாளுக்கு முதல் நாள், அவர் மறைந்தார். ‘எஸ்’ பிறக்க இன்னும் நான்காண்டுகள் இருந்தன.

எம் மாணவரின் கணினி, மற்றெல்லா மீன்களுக்கும் மிகத் தொலைவில் ஒரு மீனைக் காட்டியது. புதிய இனமொன்று கிடைத்துவிட்டதென அவர் மகிழ்ந்தார். ஏட்டைப் புரட்டிப் பார்த்தோம். நிறையிற் புள்ளியொன்று இடம் மாறி எழுதப்பட்டிருந்தது. மறுநாட்காலை ஆறு மணிக்கே தராசும் அளவுநாடாவுமாய் அவர் மீண்டும் கொட்பேக்குப் புறப்பட்டார்.