பாறையைப் படித்த கலாயோகி



மொன்றியல் மாநகரின் பழைய கட்டிடங்கள் பல சாம்பல் நிறச் சுண்ணாம்புக் கல்லினாற் கட்டப்பட்டவை. தமிழ் வகுப்புக்கு வரும் வழியில் அத்தகைய சுவரொன்றைக் கண்டால் ஒரு கணம் நின்று உற்று நோக்குங்கள். சில கற்களிலே நூலோடியது போன்ற வெண்ணிறக் கோடுகள் தென்படும். அந்தக் கல் நிலத்தினுட் பாறையாய்க் கிடந்த காலத்தில் அதில் வெடிப்பு உண்டாயிற்று. வெடிப்பினூடே ஓடிய நீர், தன்னிற் கரைந்திருந்த கனிப்பொருளை அங்கே படியவிட்டுச் சென்றது. அந்தப் படிவுதான் நாம் காணும் வெண்கோடு.

யாழ்ப்பாணத்திற் கிணறு வெட்டியவர்களைக் கண்ட பெற்றோருக்கு இது புதிதன்று. சுண்ணாம்புக் கல்லைக் குடைந்து செல்லும்போது ஒரு வெடிப்பினூடாகவே ஊற்று வாய் திறக்கும். பாறையின் வெடிப்பு நீருக்கு வழி. நீர் வற்றிய பின்பு அதுவே கடந்த காலத்தின் ஏடு. அந்த ஏட்டைப் படிக்கும் கல்விக்குப் புவிச்சரிதவியல் என்று பெயர். அக்கல்வியிற் சிறந்து விளங்கிய ஒருவரின் வரலாற்றை இம்மலரில் உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன். அவரைக் கலாயோகி என்று உலகம் போற்றுகின்றது. ஆயினும், அவர் முதலிற் கையில் எடுத்தது கல்லுடைக்கும் சுத்தியல் என்பதைப் பலர் அறியார்.

ஆனந்த குமாரசுவாமி 1877 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 22 ஆம் திகதி கொழும்பு மாநகரிலே கொள்ளுப்பிட்டியிற் பிறந்தார். தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி, யாழ்ப்பாணத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தவர், சட்ட அறிஞர், அரிச்சந்திரன் கதையை நாடகமாக ஆங்கிலத்தில் ஆக்கி 1863 இல் வெளியிட்டவர். சேர் பொன். இராமநாதனும் சேர் பொன். அருணாசலமும் அவருடைய சகோதரியின் மைந்தர்கள். தாயார் எலிசபெத் கிளே பீபி ஆங்கிலப் பெண்மணி.

குழந்தைக்கு இரண்டு வயது நிரம்புமுன்னரே, 1879 இல், தந்தையார் கொழும்பிற் காலமானார். அப்போது தாயும் மகவும் இங்கிலாந்தில் இருந்தனர். ஆகவே அச்சிறுவன் தந்தையின் முகத்தை நினைவிற் கொள்ளாமலும், தந்தையின் மொழியை வீட்டிற் கேளாமலும், அந்நிய மண்ணிலேயே வளர்ந்தான். பிள்ளைகளே, உங்களிற் சிலரின் நிலையும் இதனின்று மிகவும் வேறானதன்று.

குளொஸ்ரர் மாகாணத்து வைக்ளிவ் கல்லூரியிற் பயின்ற காலத்திலேயே அவருக்குக் கற்களின் மீது நாட்டம் பிறந்தது. பின்னர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் சேர்ந்து, தாவரவியலும் புவிச்சரிதவியலும் கற்று, 1900 இல் முதல் வகுப்பிற் தேறினார். அதே ஆண்டில் இலண்டன் புவிச்சரிதவியற் கழகத்தின் ஏட்டில் அவருடைய ஆய்வுக் கட்டுரையொன்று வெளிவந்தது. அவர் எடுத்துக்கொண்ட பொருள் எது தெரியுமா? இங்கிலாந்தின் கற்கள் அல்ல. இலங்கையின் பாறைகளும் அவற்றிலுள்ள காரீயமுமே. நினைவறியாப் பருவத்தில் விட்டு வந்த நாட்டிற்கு அந்த இளைஞர் கல்லின் வழியாகத் திரும்பினார்.

காரீயம் என்பது நீங்கள் எழுதும் பென்சிலின் உள்ளேயிருக்கும் கரும்பொருள். உலகின் பல நாடுகளில் அது பாறையினுட் சிறு செதில்களாய்க் கலந்து கிடக்கும். இலங்கையிலோ பாறை வெடிப்புகளை நிரப்பி, தூய நரம்புகளாக ஓடுகின்றது. ஆழத்திலிருந்து வந்த வெப்பம் மிக்க பாய்பொருள்கள் தம்மோடு கொணர்ந்த காபனை வெடிப்பின் சுவர்களிலே படியவிட்டன என்பது இன்று பலர் ஏற்கும் விளக்கம். நரம்பின் ஓரங்களிற் காரீய ஊசிகள் சுவருக்குச் செங்குத்தாய் நிற்பதைக் காணும்போது, அவை சுவரிலிருந்து உள்நோக்கி வளர்ந்தன என்று அறியலாம்.

இவ்வாறு வெடிப்பைப் படிப்பதற்குச் சில எளிய விதிகள் உண்டு. பாறை முந்தியது, அதனை வெட்டிச் செல்லும் நரம்பு பிந்தியது. ஒரு நரம்பை இன்னொன்று குறுக்கே வெட்டினால், வெட்டியதே இளையது. பல படைகள் படிந்திருந்தால், சுவரை ஒட்டியது பெரும்பாலும் முதலில் வந்தது. நடுவிலிருப்பது கடைசியில் வந்தது. பளிங்கின் உள்ளே அகப்பட்ட நுண்ணிய நீர்த்துளிகூட, அது வளர்ந்த காலத்து வெப்பத்தைக் காட்டிக் கொடுக்கும்.

1903 இல் ஆனந்த குமாரசுவாமி இலங்கைக் கனிப்பொருள் அளவீட்டின் பணிப்பாளராக நியமனம் பெற்றார். வயது இருபத்தைந்து. அதே ஆண்டில் அவரும் பிரையர் என்னும் அறிஞரும் சேர்ந்து, இலங்கையிற் கிடைத்த புதிய கனிப்பொருள் ஒன்றை உலகிற்கு அறிவித்தனர். அராபியர் இலங்கைக்கு வழங்கிய சேரன்தீப் என்னும் பெயரால் அது செரண்டிபைற்று எனப்பட்டது.

அடுத்த ஆண்டு, 1904 இல், சபரகமுவைப் பகுதியில் இரத்தினக்கல் அரிப்போரின் மணலிலிருந்து, கரிய நிறமும் மிகுந்த பாரமும் கொண்ட சிறு கனசதுரப் பளிங்குகள் அறிவியலாரின் கவனத்திற்கு வந்தன. பாறை வெடிப்புகளிற் குழம்பு புகுந்து இறுகிய நரம்புகளிலிருந்து கழன்று ஆற்று மணலிற் சேர்ந்தவை அவை. இலண்டனில் ஆராய்ந்து பார்த்தபோது அதுவும் புதிய கனிப்பொருள் என்பது தெளிவாயிற்று. தோரியம் மிகுந்திருந்தமையால் தோரியனைற்று என்று பெயரிட்டனர். அதன் இருப்பிடங்களை ஆராயும் பணியும் குமாரசுவாமியின் அளவீட்டுக்கு உரியதாயிற்று.

இவ்விடத்தில் நம்முடைய மொன்றியலும் கதைக்குள் வருகின்றது. கதிர்த்தொழிற்பாட்டை ஆராய்ந்த பேரறிஞர் இரதபோட் 1898 முதல் 1907 வரை இந்நகரின் மக்கில் பல்கலைக்கழகத்திலே பேராசிரியராயிருந்தார். யுரேனியமும் தோரியமும் மெல்ல மெல்லச் சிதையும்போது ஈலியம் என்னும் வாயு உண்டாகிக் கனிப்பொருளினுள்ளே தங்குகின்றது. தங்கிய ஈலியத்தை அளந்தாற் பாறையின் வயதைக் கணிக்கலாம் என்று முதன்முதலிற் காட்டியவர் அவரே. 1905 இல் இலண்டனிலே இலங்கைத் தோரியனைற்றை ஆராய்ந்து, கதிர்த்தொழிற்பாடுடைய புதிய பொருளொன்றைக் கண்டறிந்த ஒற்றோ ஹான் என்னும் ஜேர்மனிய இளைஞர், அவ்வாண்டே இரதபோட்டிடம் கற்பதற்காக மொன்றியலுக்கு வந்து சேர்ந்தார். சில ஆண்டுகளின் பின் இங்கிலாந்தில் ஸ்ரட் என்பவர் இலங்கைத் தோரியனைற்றின் ஈலியத்தை அளந்து, அது 20 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டது என்றார். வாயு கசிந்து போவதால் அது குறைந்தபட்ச வயதே. இலங்கைப் பாறைகள் கடும் வெப்பத்தினாலும் அழுத்தத்தினாலும் இன்றைய உருவம் பெற்றது ஏறக்குறைய 60 முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு என்று இன்று கணித்துள்ளனர். அக்காலத்தில் இலங்கை, தென்னிந்தியா, மடகஸ்கார், அந்தாட்டிக்கா யாவும் ஒரே பெருநிலமாய் இணைந்து கொண்டிருந்தன.

கற்களைத் தேடி நாடெங்கும் சென்ற குமாரசுவாமி கற்களை மட்டும் காணவில்லை. மலைநாட்டுக் கிராமங்களிலே பரம்பரைச் சிற்பிகளும் நெசவாளரும் உலோகத் தொழிலாளரும் மலிவான இறக்குமதிப் பொருள்களினால் நலிந்து போவதைக் கண்டார். நிலத்தின் சரித்திரத்தைத் தேடியவர், மனிதர் கையிலிருந்த சரித்திரம் தம் கண்முன்னே அழிவதைக் கண்டு மனம் நொந்தார். 1906 இல் அளவீட்டுப் பணி முடிவுற்றது. தாம் கண்டவற்றைத் தொகுத்து 1908 இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை இங்கிலாந்தில் வெளியிட்டார். வில்லியம் மொறிஸ் என்னும் கலைஞர் முன்பு பயன்படுத்திய அச்சுப்பொறியில், கையினால் அச்சிடப்பெற்ற நூல் அது.

ஒரு தமிழரின் மைந்தர் சிங்களக் கைவினைஞரின் புகழை உலகறியச் செய்தார். பிறந்த ஊரை விட்டு அகதியாய் வந்த நான் இதனை எண்ணும்போது என் மனம் கனக்கின்றது. ஒருவர் கலையை மற்றவர் போற்றி வாழ்ந்திருக்கக்கூடிய நாடு அது. அப்படி வாழ முடியும் என்பதற்கு இம்மனிதரின் வாழ்வு சான்றாக நிற்கின்றது. இதை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும்.

பின்னர் இந்தியக் கலைகளை ஆராய்ந்த அவர், 1917 இல் அமெரிக்காவிலே போஸ்ரன் நகர நுண்கலை நூதனசாலையிற் பணியேற்றார். அந்நகர் இங்கிருந்து ஏறக்குறைய 500 கிலோமீற்றர் தொலைவிலேயே உள்ளது. 1918 இல் நியூயோர்க்கில் வெளிவந்த அவருடைய சிவ நடனம் என்னும் ஆங்கிலக் கட்டுரைத் தொகுதி, நடராசர் திருவுருவத்தின் தத்துவத்தை மேனாட்டாருக்கு உணர்த்தியது. ஓய்வு பெற்றபின் இந்தியா சென்று இறுதிக் காலத்தைக் கழிக்க எண்ணியிருந்தார். அவ்வெண்ணம் கைகூடவில்லை. எழுபது வயது நிரம்பி மூன்று கிழமைகள் கழியுமுன், 1947 செப்டெம்பர் 9 ஆம் திகதி, போஸ்ரனை அடுத்த நீடத்திற் காலமானார்.

மாணவச் செல்வங்களே, தந்தையின் நாட்டை அறியாது வளர்ந்த ஒருவர், அதன் கல்லையும் கலையையும் அங்கே பிறந்து வளர்ந்தவர் பலரினும் ஆழமாக அறிந்தார். எவரும் அவருக்கு அதை ஊட்டவில்லை; தாமாகத் தேடிக் கற்றார். உங்கள் பெற்றோரின் வாழ்விலும் பெரியதொரு வெடிப்பு ஏற்பட்டது. பாறையின் வெடிப்பு நெடுங்காலம் வெறுமையாய்க் கிடப்பதில்லை. அதனூடே வருவது எதுவோ அதுவே அங்கு படியும். வார இறுதியிலே உறக்கத்தை விட்டு, பனியிலே நடந்து வந்து நீங்கள் கற்கும் தமிழ் அவ்வாறு படியும் ஒரு படை. மெல்லிய படைதான், ஆனாற் கிழமைதோறும் படிகின்றது.

இன்று வீடு திரும்பியதும் உங்கள் அப்பாவிடமோ அம்மம்மாவிடமோ, ஊரிலே வீட்டுக் கிணறு எத்தகைய கல்லில் வெட்டப்பட்டிருந்தது என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்லும் விடை சிறியதாயிராது.