மாயகோவ்ஸ்கி: சிலையடியில் கூடிய இளைஞர்கள்

ஜார்ஜியாவின் பாக்தாதி கிராமத்தில் 1893-ல் பிறந்த கவிஞர் விளாதிமிர் மாயகோவ்ஸ்கி, பதின்ம வயதிலேயே போல்ஷெவிக் கட்சியில் சேர்ந்து மூன்று முறை கைதானவர்.

புரட்சிக்குப் பின், 1919 முதல் ரோஸ்டா என்ற அரசுச் செய்தி நிறுவனத்துக்காகச் சுவரொட்டிகள் வரைந்தார். சரக்கின்றி வெறிச்சோடிய மாஸ்கோ கடைகளின் சன்னல்களில் அவை தொங்கின. எழுத்தறியாதவர்க்கும் போர்ச் செய்தி புரிந்தது. பிரசாரமும் கலையும் ஒன்றாயிருந்த குறுகிய காலம் அது.

பின்னாளில் தம் நாடகங்களில் அதிகார வர்க்கத்தை எள்ளி நகையாடினார். விமர்சகர்கள் கடுமையாகச் சாடினர். 1930 ஏப்ரல் 14 அன்று, 36 வயதில், தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

1935-ல் ஸ்டாலின் புகழ்ந்த பிறகு, அவர் கவிதைகள் நாடெங்கும் பாடநூல்களில் ஏறின. 1958-ல் மாஸ்கோவில் சிலை திறக்கப்பட்டது. அரசே நிறுவிய அச்சிலையடியில் இளைஞர்கள் கூடி, அச்சேற அனுமதி கிடைக்காத கவிதைகளை உரக்க வாசித்தனர். 1961-ல் கூட்டங்கள் ஒடுக்கப்பட்டன; சிலர் சிறை சென்றனர்.