காடும் கொல்லையும் கண்ட மா. கிருஷ்ணன்

காஞ்சிபுரத்துத் தறிகளில் அன்னமும் மயிலும் பிறவாத நாள் இல்லை. பட்டின் கரையிலும் முந்தானையிலும் பறவைகள் வரிசை வரிசையாக வந்து அமர்கின்றன. கோயில் தூண்களில் கிளியும் யாளியும் யானையும் நிற்கின்றன. ஆயினும் இந்நகருக்குத் தெற்கே, ஒரு காலைப் பொழுதில் சென்று சேரக்கூடிய வேடந்தாங்கல் ஏரியில் ஆண்டுதோறும் இறங்கும் உயிருள்ள பறவைகளுள் எத்தனையைத் தமிழ்க் கவிஞர்கள் பெயர் சொல்லி அழைக்க வல்லவர்கள் என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய வினா. இவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுதும் மனத்தில் சுமந்து திரிந்தவர், மா. கிருஷ்ணன். எழுத்தாளர், ஓவியர், ஒளிப்படக் கலைஞர், இயற்கை ஆய்வாளர் எனப் பல முகம் கொண்ட இப்பெரியவரின் வாழ்க்கை, காட்டுக்குத் தனியே சென்ற ஒரு வீரரின் கதையன்று. தமக்கையின் அரவணைப்பிலும், மனைவி மகனோடு வாழ்ந்த மலைநாட்டு இல்லத்திலும், பேத்திக்காக எழுதிய பாட்டிலும் விரிந்த ஓர் இல்லற வாழ்க்கையின் கதை அது.

மாதவையாவின் கடைக்குட்டி

தமிழ்ப் புதின இலக்கியத்தின் முன்னோடிகளுள் ஒருவரான அ. மாதவையாவின் எட்டு மக்களுள் இளையவராகக் கிருஷ்ணன் 1912-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். தந்தையார் உப்பு, சுங்க இலாகாவில் பணிபுரிந்தவர். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதியவர். பெண் கல்விக்காகவும் விதவையர் வாழ்வுக்காகவும் எழுதுகோல் பிடித்தவர். பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் சென்னை மயிலாப்பூரில் குடியேறி, அச்சகம் அமைத்து, ‘பஞ்சாமிர்தம்’ என்னும் இதழை நடத்தினார்.

1925 அக்டோபரில், சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையில், பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று வாதிட்டுப் பேசி அமர்ந்த மாதவையா, அவ்விடத்திலேயே உயிர் நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13. தமிழுக்காகப் பேசிய வாயோடு தந்தை மறைந்த செய்தி ஒரு சிறுவனின் உள்ளத்தில் என்ன பதித்திருக்கும் என்பதை அவருடைய பிற்கால வாழ்க்கையே ஓரளவு காட்டுகிறது. மூத்த தமக்கையார் தாய்போல் நின்று அவரை வளர்த்தார். தமையன்மாருள் ஒருவரான மா. அனந்தநாராயணன் பின்னாளில் சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாகவும் ஆங்கிலப் புதின ஆசிரியராகவும் விளங்கினார்.

அக்கால மயிலாப்பூர் இன்றைய மயிலாப்பூர் அன்று. வீடுகளுக்கு அப்பால் புதர்க்காடு. அதில் நரியின் ஊளை, கீரியின் ஓட்டம், பறவைகளின் ஆரவாரம். வெளிமான்கள்கூட அப்பக்கங்களில் உலவின. சிறுவன் கிருஷ்ணன் ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி எழுத்தறிவித்தது. வீட்டுக் கொல்லையோ பார்க்கக் கற்பித்தது.

1927-இல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே தாவரவியல் பேராசிரியராக இருந்தவர், தென்னிந்திய மலைகளின் செடி கொடிகளை ஆராய்ந்து நூல்கள் எழுதிய ஃபைசன். நீலகிரிக்கும் கோடைக்கானலுக்கும் அவர் செல்லும்போது கிருஷ்ணனும் உடன் சென்றார். நீர்வண்ண ஓவியத்தின் நுட்பங்களை அவருக்குக் கற்றுத் தந்தவர் ஃபைசனின் மனைவியார். காட்டை அறிவதற்கு ஆசானும், காட்டை வரைவதற்கு ஆசானின் துணைவியும் வழிகாட்டினர். இங்கும் ஒரு குடும்பமே அவருக்குப் பள்ளியாயிற்று.

வடபுலத்து மலையில் ஒரு குடும்பம்

கல்வி முடிந்தும் நிலையான வேலை எளிதில் கிட்டவில்லை. சட்டமும் பயின்ற அவர், சிறு இதழ்களுக்குக் கட்டுரையும் கேலிச் சித்திரமும் அளித்துக் காலம் கழித்தார். 1937-இல் திருமணம் நிகழ்ந்தது. 1942-இல் சந்தூர் அரசரிடமிருந்து அழைப்பு வந்தது.

சந்தூர், அந்நாளில் சென்னை மாகாணத்தின் வடமேற்கில் பல்லாரி மாவட்டத்தால் சூழப்பட்டிருந்த சிறியதொரு சமஸ்தானம். கோர்படே மரபினர் ஆண்ட நாடு. சுற்றிலும் மலைகள், மலைமேல் காடு, காட்டினுள்ளே பழைமையான குமாரசுவாமி கோயில். குமரகோட்டத்து முருகனை அறிந்த காஞ்சி மக்களுக்கு இத்தெய்வம் அயலன்று. சென்னையில் பிறர் தந்த சில்லறைப் பணிகளை நம்பியிருந்த இளைஞர், மனைவியோடு இம்மலைநாட்டில் வந்து குடியேறினார்.

ஏழாண்டுகளில் அவர் பார்த்த பணிகள் பல. ஆசிரியராக இருந்தார், நீதிபதியாக இருந்தார், விளம்பர அலுவலராகவும் அரசரின் அரசியல் செயலாளராகவும் இருந்தார். ஆனால் அவர் மெய்யாக வாழ்ந்த வாழ்க்கை அலுவலகத்துக்கு வெளியே நிகழ்ந்தது. ஆடு மேய்த்துப் பார்த்தார். செய்தி கொண்டு செல்லப் பழக்குவதற்காகப் புறாக்களை வளர்த்தார். குன்றுகளில் நாள் முழுதும் அலைந்தார். நீதிமன்றத்தில் வழக்குக் கேட்ட அதே மனிதர் மந்தையின் பின்னே கோலூன்றி நடந்தது அந்நாட்டில் பலருக்கும் வியப்பாக இருந்திருக்கலாம். கிருஷ்ணனுக்கோ அவ்விரண்டும் ஒரே கல்வியின் இரு பாடங்கள். ஆட்டின் பின்னே நடப்பவன்தான் எந்தப் புல் எப்போது முளைக்கும், எந்த நிழலில் விலங்கு படுக்கும், காற்று எப்பக்கம் திரும்பும் என்பதையெல்லாம் காலால் அறிகிறான். முல்லைத் திணையை ஏட்டில் படித்தவர் ஆயிரம் பேர். ஆயர் தொழிலைக் கையில் எடுத்துப் பார்த்த தமிழ் எழுத்தாளர் அரியர்.

இக்காலத்தின் சிறப்பு, இயற்கை அவருக்கு விடுமுறைக் காட்சியாக இல்லாமல் வீட்டு வாழ்வின் பகுதியாக இருந்தமை. புறாக்கூடும் ஆட்டுப்பட்டியும் மனைவி மகனுக்கும் அன்றாட உலகமாயின. மகன் பின்னாளில் தந்தையின் படைப்புகளைக் காத்துப் பிறர்க்கு அளிக்கும் பொறுப்பை ஏற்றமைக்கு இந்த மலைநாட்டு வாழ்வும் ஒரு வித்தாக அமைந்தது எனலாம். சந்தூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த எம். ஒய். கோர்படேயும் பிற்காலத்தில் அரசியலாளராக மட்டுமன்றிக் கானுயிர் ஒளிப்படக் கலைஞராகவும் புகழ் பெற்றார் என்பது நினைவுகூரத் தக்கது.

எழுதுகோலை நம்பிய துணிவு

1949-இல் சந்தூர் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தது. கிருஷ்ணனின் வாழ்வில் இதுவே கடுமையான திருப்பம். வயது 37. மனைவியும் சிறுவனான மகனும் அவரை நம்பியிருந்தனர். வேறோர் அலுவலகத்தில் ஊதியம் தேடி அமர்வதே உலகியல் வழி. அவ்வழியை அவர் கொள்ளவில்லை. சென்னைக்குத் திரும்பி, எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் வாழ்ந்து, எழுத்தையும் ஒளிப்படத்தையும் மட்டுமே நம்பி இல்லறம் நடத்தத் துணிந்தார். அத்துணிவின் சுமையில் பாதியை அவர் மனைவியார் சுமந்தார் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

1950-இல் கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் நாட்டுப்புற இயற்கை குறித்து இரு வாரத்துக்கு ஒருமுறை வரும் பத்தி ஒன்றைத் தொடங்கினார். 46 ஆண்டுகள் அது தொடர்ந்தது. ஓவியமும் பெரும்பாலும் அவர் கையாலேயே அமைந்தது. யானையையும் காட்டெருமையையும் எழுதிய அதே கவனத்தோடு அணிலையும் காக்கையையும் பல்லியையும் எழுதினார். 1961-இல் வெளிவந்த அவருடைய நூலின் தலைப்பே காட்டையும் கொல்லையையும் இணைத்து நிற்பது. கொல்லையில் கண் திறவாதவனுக்குக் காட்டில் எதுவும் தென்படாது என்பது அவர் வாழ்க்கை காட்டும் பாடம்.

ஒளிப்படத்தில் அவர் கருப்பு வெள்ளையை விட்டு அகலவில்லை. வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட கேமராவுடன், பழக்கிய யானையின் முதுகில் அமர்ந்து முதுமலைக் காட்டில் திரிந்தார். 1968-இல் ஜவாஹர்லால் நேரு ஆய்வு நல்கை கிடைத்தது. அதன் பயனாகத் தீபகற்ப இந்தியாவின் பாலூட்டிகளைப் பற்றிய ஆய்வு உருவாகி, 1975-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தால் நூலாக வந்தது. நடுவணரசின் பத்மஸ்ரீ விருதும், 1995-இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் உலகளாவிய சிறப்பும் அவரைத் தேடி வந்தன.

அயல்நாட்டு அழகு மரங்களைச் சாலையோரம் நடுவதை அவர் கடுமையாக எதிர்த்தார். இந்த மண்ணின் மரத்தில்தான் இந்த மண்ணின் பறவை கூடு கட்டும் என்பதை அவர் விடாது வலியுறுத்தினார். காட்டைச் செப்பனிட முயலாமல், காட்டைக் காடாகவே விட வேண்டும் என்று வாதாடினார்.

தமிழில் அவர் வைத்த செல்வம்

தமிழுக்காகப் பேசி உயிர் நீத்த தந்தையின் மகன், பெரிதும் ஆங்கிலத்தில் எழுதி வாழ நேர்ந்தது தமிழ் எழுத்துலகம் எண்ணி வருந்த வேண்டிய செய்தி. இயற்கையைப் பற்றி இடையறாது எழுதி ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும் இடத்தை அந்நாளில் தமிழ் அவருக்கு அளிக்கவில்லை. எனினும் அவர் தமிழை விடவில்லை. பெ. தூரன் தலைமையில் தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியத்துக்கு உயிரினங்கள் பற்றிய கட்டுரைகள் வழங்கினார். துப்பறியும் புதினம் ஒன்றும் எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளை, அவர் மறைவுக்குப்பின், சு. தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் நூலாகத் தொகுத்தளித்தார்.

அந்நடை சிறு சொற்களால் ஆனது. வடமொழிப் பகட்டோ ஆங்கிலச் சாயலோ இல்லாதது. பழந்தமிழ்ப் பாடல்களில் அவருக்கு ஆழ்ந்த ஈடுபாடு உண்டு. சத்திமுத்தப் புலவர் நாரையின் அலகை உற்றுப் பார்த்த பிறகே உவமை தேடினார். பின்வந்தோர் பலர் உவமையை எடுத்துக்கொண்டு நாரையைக் கைவிட்டனர். பறவையின் பெயர் மறைந்தால் பறவையைப் பார்ப்பதும் மறைந்துவிடும். பார்ப்பது மறைந்தபின் பறவை மறைவதை ஒருவரும் அறியார்.

வேடந்தாங்கல் இதற்கு மறுதலையான சான்று. அவ்வூர் உழவர்கள் எழுத்தாளர் அல்லர். ஆயினும் பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அறிந்திருந்தனர். வேட்டைக்காரரிடமிருந்து பறவைகளைக் காக்கும் உரிமையை 1798-இல் கலெக்டர் லயனல் பிளேசிடமிருந்து எழுத்தில் பெற்றனர். நத்தைக்குத்தி நாரையும் கரண்டிவாயனும் அரிவாள்மூக்கனும் வக்காவும் நீர்க்கடம்ப மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் இந்த ஏரியைப் பற்றிக் கிருஷ்ணன் எழுதியிருக்கிறார். 1997 முதல் 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்திலும், அதன்பின் செங்கற்பட்டு மாவட்டத்திலும் இவ்வூர் வைக்கப்பட்டது. பறவைகள் அந்த எல்லைகளை அறிந்ததில்லை.

இறுதி நாள்

முதுமையிலும் எழுத்து ஓயவில்லை. பேத்தி சிறுமியாக இருந்தபோது அவளுக்காக விலங்குகளைப் பற்றி அகர வரிசையில் பாட்டுகள் கட்டிப் படங்களும் வரைந்து கொடுத்தார். தமக்கை மடியில் தொடங்கிய கல்வி பேத்தியின் கையில் நிறைவு பெற்றது. 1996 பிப்ரவரி 18-ஆம் நாள் கிருஷ்ணன் இயற்கை எய்தினார். அவருடைய கடைசிப் பத்தி அன்றைய நாளிதழிலேயே வெளிவந்திருந்தது.

அவர் குடும்பத்தோடு வாழ்ந்த சந்தூர் மலைகள் பிற்காலத்தில் இரும்புத்தாதுச் சுரங்கங்களால் குடையப்பட்டன. மயிலாப்பூரின் புதர்க்காடு என்றோ தெருக்களாகிவிட்டது. அவர் கண்ட இடங்கள் பல இன்று அவர் எழுத்தில் மட்டுமே உள்ளன. ஆனால் வேடந்தாங்கல் ஏரி இருக்கிறது. மழை பொய்க்காத ஆண்டுகளில் பறவைகள் வருகின்றன. வீட்டுக் குழந்தைகளை அழைத்துச் சென்று ஏரிக்கரையில் நின்று, ஒவ்வொன்றையும் அதன் பெயர் சொல்லிக் காட்டும் கவிஞர் எவரோ, அவரே கிருஷ்ணனுக்கு உரிய நினைவுச் சின்னத்தை எழுப்பியவர் ஆவார்.